பத்திரமில்லாத கைமாற்று

கேள்வி: என் வயது 27. சொந்த ஊர் அருப்புக்கோட்டை. பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு, 22 மாதங்களுக்கு முன்பு சென்னை பெருங்குடியில் உள்ள ஒரு ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தேன். மொத்தம் 14 பேர். நிறுவனர் என் கல்லூரி சீனியர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அழைத்தார் என்பதற்காக ஆண்டுக்கு 6.6 லட்சம் சம்பளத்தை விட்டுவிட்டு 6 லட்சத்துக்கு வந்தேன். ஈசாப், அதாவது ஊழியருக்கு நிறுவனத்தின் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை, தருவதாகச் சொன்னார். ஆஃபர் லெட்டரில் ‘நிறுவனத்தின் ஈசாப் திட்டத்தின்படி 0.25 சதவீதம் பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரி இருக்கிறது. காலை 9.30க்கு அலுவலகம். இரவு 8 மணிக்குக் கிளம்பி வீட்டுக்கு வந்தால் 9.30க்கு அமெரிக்க வாடிக்கையாளர்களுடன் கால், அது முடிய 11.30 ஆகும். சனிக்கிழமையும் பிற்பகல் 3 மணி வரை வேலை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், நள்ளிரவில் சர்வர் விழுந்தால் நான்தான் எழுந்து பார்க்க வேண்டும். ஒரே கோளாறு மாதத்துக்கு நான்கைந்து முறை வருகிறது. அப்ரைசல் இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. கடந்த இரண்டு மாதங்களாகச் சம்பளம் 12ஆம் தேதிக்கு மேல்தான் வருகிறது. கேட்டால், ‘இங்கே எல்லாருமே ஓனர்தானேப்பா’ என்கிறார். 70 மணி நேரம், 90 மணி நேரம் உழைக்கச் சொல்லும் பிரபலங்களின் பேச்சுகளை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். போன் மணி அடித்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. ஸ்டார்ட்அப் என்றாலே இப்படித்தானா, அல்லது நான்தான் பலவீனமானவனா? அடுத்த வேலை கிடைப்பதற்கு முன்பே விட்டுவிடலாமா? விட்டால் ஈசாப் போய்விடுமா? நோட்டீஸ் பீரியட் 90 நாள். ரிலீவிங் லெட்டர் தர மறுப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. விலகிய பிறகு ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்றும் ஒரு ஷரத்து இருக்கிறது. அப்பாவின் வீட்டுக் கடனுக்கு மாதம் 14,000 ரூபாய் நான்தான் கட்டுகிறேன்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை)

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

பலவீனமானவரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மாதத்துக்கு நான்கைந்து இரவுகள் நடுத்தூக்கத்தில் எழுப்பப்படும் எவருக்கும் போன் மணி கேட்டால் நெஞ்சு படபடக்கும். ஆனாலும் அந்தப் படபடப்பை வேலைப் பிரச்சினையின் ஒரு பகுதியாக மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிட வேண்டாம். இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பார்த்து இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைக் காட்டிலும் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம். மனம் மிகவும் சோர்ந்துபோகும் இரவுகளில் பேசுவதற்கு 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலிமனஸ் சேவை இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

இனி கணக்குக்கு வருவோம், ஏனெனில் உங்கள் கடிதத்தில் சோர்வு நிறைய இருக்கிறதே தவிர கணக்கு இல்லை. நீங்கள் எழுதியுள்ள நேரங்களைக் கூட்டி, சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால், இரவில் எழுப்பப்படுவதைச் சேர்க்காமலேயே வாரத்துக்கு 62 மணி நேரம் வருகிறது. பழைய நிறுவனத்தில் வாரம் 45 மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று வைத்துக்கொண்டால், 6.6 லட்சத்துக்கு உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை 282 ரூபாய். இப்போது அதே மணி நேரத்தின் விலை 186 ரூபாய். சேரும்போது பத்தில் ஒரு பங்கைக்கூட முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். இப்போது உழைக்கும் நேரம் முழுவதற்கும் பழைய விலையையே போட்டுப் பார்த்தால் உங்கள் ஆண்டுச் சம்பளம் 9 லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். அதாவது ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் ரூபாய் மதிப்புள்ள உழைப்பை உங்கள் நிறுவனத்துக்குக் கைமாற்றாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 22 மாதங்களில் அது ஐந்தரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஸ்டார்ட்அப்பில் சேருகிற பலரும் இப்படிக் கொடுப்பவர்கள்தான், அதில் தவறு ஒன்றும் இல்லை. பணம் போட்ட முதலீட்டாளர் ஒரு ரூபாயைக் கொடுப்பதற்கு முன்பே பங்குதாரர் ஒப்பந்தம், பங்குகளின் எண்ணிக்கை, விற்பனை நடந்தால் யாருக்கு முதலில் பணம் என்பது வரை அத்தனையையும் எழுதி வாங்கியிருப்பார். நீங்கள் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை என்பதுதான் தவறு. உங்கள் கேள்விகள் அனைத்துக்கும் நான் இந்த இடத்திலிருந்தே பதில் சொல்லப்போகிறேன்.

ஸ்டார்ட்அப் என்றால் இப்படித்தானா என்பதற்கு, ஓரளவுக்கு ஆம். 14 பேர் உள்ள இடத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஓர் ஆள்தான் இருப்பார். அவர் விடுப்பு எடுத்தால் அந்த வேலை நிற்கும். வாங்கிய முதலீடு தீர்வதற்குள் அடுத்த முதலீட்டுக்கு ஏற்ற எண்களைக் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி நிறுவனருக்கு எப்போதும் இருக்கும். வாடிக்கையாளர்கள் அமெரிக்காவில் என்றால், கோடைக்கால நேரக் கணக்கில் நமக்கு இரவு 9.30 ஆகும்போதுதான் நியூயார்க்கில் நண்பகல், சான்ஃபிரான்சிஸ்கோவில் காலை 9 மணி; அந்த அழைப்பை யாராவது எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு புதிய ரிலீஸுக்கு முன் பத்துப் பதினைந்து நாள் வீட்டை மறந்து உழைப்பதும், பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கைவிட்டுப் போகும் நிலையில் எல்லாரும் சேர்ந்து தாங்குவதும் இந்தத் தொழிலில் சகஜம். அதில் ஒரு தனி மகிழ்ச்சிகூட உண்டு, அதை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். ஆனால் இரவு அழைப்பை எடுப்பவர் மறுநாள் பிற்பகல் 1 மணிக்கு வேலைக்கு வந்தால் போதும் என்று ஒரே ஒரு மின்னஞ்சலில் முடிக்கக்கூடிய விஷயத்தை 22 மாதங்களாகச் செய்யாமல் இருப்பதற்கு முதலீட்டாளரோ அமெரிக்காவோ காரணம் இல்லை. உங்கள் நேரத்துக்கு யாரும் விலை கொடுக்கவில்லை. ஆகவே அதை மிச்சப்படுத்த வேண்டிய அவசியமும் யாருக்கும் ஏற்படவில்லை.

நள்ளிரவுக் கோளாறையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கோளாறு மாதத்துக்கு நான்கைந்து முறை வருகிறது என்கிறீர்கள். இத்தகைய குழுக்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் காட்சி இதுதான்: டேட்டாபேஸ் இணைப்புகள் தீர்ந்துபோய்ச் செயலி நிற்கும், தூக்கக் கலக்கத்தில் எழுந்தவர் சர்வரை ரீஸ்டார்ட் செய்வார், பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும், ஒரு மணி நேரம் விழித்துக் கிடந்துவிட்டுத் தூங்குவார், காலையில் குழு கூடும் ஸ்டேண்ட்அப்பில் ‘ராத்திரி ஒரு சின்ன இஷ்யூ, பார்த்துட்டேன்’ என்பார், யாரோ ஒருவர் கட்டைவிரல் குறி போடுவார். கோளாறின் வேரைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய மூன்று பகல்கள் வேண்டும், ஆனால் பகல்கள் அனைத்தும் புதிய வசதிகளுக்கென்று ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டன. பகலுக்கு விலை இருக்கிறது, உங்கள் இரவு இலவசம். எனவே கோளாறு இரவிலேயே குடியிருக்கிறது. இரவில் எழுப்பப்பட்டவருக்கு மறுநாள் அரைநாள் விடுப்பு என்று ஒரு விதி மட்டும் வரட்டும், அந்தக் கோளாறு எத்தனை வேகமாகச் சரிசெய்யப்படுகிறது என்று பாருங்கள். இதைப் பரிந்துரையாக நீங்களே எழுதிக் கொடுக்கலாம். கடந்த மூன்று மாதங்களில் எந்தெந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தக் காரணத்தால் எழுப்பப்பட்டீர்கள் என்பதை உங்கள் மெசேஜ்களிலிருந்தே எடுத்து ஒரு பக்க அட்டவணை போடுங்கள். நிறுவனர் மறுக்க முடியாத மொழி அது.

அடுத்து ‘எல்லாருமே ஓனர்’ என்ற பேச்சு. சென்னையில் இந்தப் பேச்சைப் பேசும் ஒவ்வொரு நிறுவனரும் கூடவே ஃப்ரெஷ்வொர்க்ஸ் கதையையும் சொல்லுவார். கிரீஷ் மாத்ருபூதம் நிறுவிய அந்த நிறுவனம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டபோது ஊழியர்களில் 500க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த நிறுவனம் தொடங்கப்பட்டது 2010இல்; நடுவில் பதினோரு ஆண்டுகள் இருக்கின்றன. கோடீஸ்வரர்கள் ஆன அத்தனை பேரின் கையிலும் பங்கு இருந்தது, ‘பரிசீலிக்கப்படும்’ என்ற வாக்கியம் இருக்கவில்லை. உங்கள் ஆஃபர் லெட்டரில் உள்ள அந்த ஒரு வரி சட்டப்படி உங்களுக்கு எதையும் தரவில்லை என்பதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. ஈசாப் என்பது முறையாக நடக்க வேண்டுமானால் முதலில் அப்படி ஒரு திட்டம் எழுதப்பட்டு, பங்குதாரர்கள் தீர்மானம் நிறைவேற்றி ஏற்றிருக்க வேண்டும். பிறகு உங்கள் பெயருக்கு ஒரு கிராண்ட் லெட்டர் (ஒதுக்கீட்டுக் கடிதம்) வர வேண்டும். எத்தனை ஆப்ஷன்கள் (பங்கு வாங்கும் உரிமைகள்), ஒவ்வொன்றையும் என்ன விலைக்குப் பங்காக மாற்றிக்கொள்ளலாம், எந்தெந்தத் தேதியில் எவ்வளவு வெஸ்ட் ஆகும் (உங்களுடையதாகும்), வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் பங்காக மாற்ற வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். சதவீதம் போதாது, எண்ணிக்கை வேண்டும். ஒவ்வொரு முதலீட்டுச் சுற்றிலும் புதிய பங்குகள் உருவாகும்போது உங்கள் 0.25 கரைந்துகொண்டே போகும் என்பதால், எதில் 0.25 என்பதையும் கேட்டாக வேண்டும்.

உங்களுக்குக் குறிப்பாகத் தெரிய வேண்டியது இன்னொன்று. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் கீழான விதிகளின்படி, கிராண்ட் வழங்கப்பட்ட நாளுக்கும் முதல் வெஸ்டிங்குக்கும் இடையே குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். நாளைக்கே உங்களுக்கு லெட்டர் கொடுத்தாலும், முதல் ஆப்ஷன் உங்களுடையதாக இன்னும் ஓராண்டு ஆகும். கழிந்துபோன 22 மாதங்கள் தானாகக் கணக்கில் சேராது. இடையில் ராஜினாமா செய்தால் வெஸ்ட் ஆகாதவை அனைத்தும் காலாவதியாகும். ஆகவே ‘விட்டால் ஈசாப் போய்விடுமா’ என்ற உங்கள் கேள்விக்குப் பதில், போவதற்கு இன்றைய தேதியில் எதுவும் இல்லை என்பதுதான். அந்தப் பயம் உங்களைக் கட்டிப்போட வேண்டியதில்லை. தொடர்வது என்று முடிவெடுத்தால், ஓராண்டு என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம்தான், அதற்குப் பிறகு எப்படிப் பிரிப்பது என்பது நிறுவனத்தின் விருப்பம் என்பதை நினைவில் வையுங்கள். இழந்த காலத்துக்கு ஈடாக முதல் ஆண்டின் முடிவிலேயே பாதி வெஸ்ட் ஆகும்படி கேட்பது நியாயமான கோரிக்கை.

அந்த 0.25 சதவீதம் எவ்வளவு பெறும் என்ற கனவையும் சற்றுத் தரையில் இறக்கிப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, முதலீட்டாளர்கள் 8 கோடி ரூபாய் போட்டு 20 சதவீதப் பங்கு வைத்திருக்கிறார்கள், நிறுவனம் பின்னாளில் 9 கோடிக்கு விற்கப்படுகிறது என்று கொள்வோம். 9 கோடியில் 0.25 சதவீதம், இரண்டேகால் லட்சம் என்று கணக்குப் போடுவீர்கள். ஆனால் போட்ட பணம் முதலில் முதலீட்டாளருக்கே என்ற ஷரத்து பெரும்பாலான முதலீட்டு ஒப்பந்தங்களில் உண்டு. அவர்கள் 8 கோடியை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் 1 கோடியை மற்ற 80 சதவீதத்தினர் பிரித்துக்கொள்வார்கள். உங்கள் பங்குக்கு வருவது 31,250 ரூபாய். பங்காக மாற்ற நீங்கள் கட்டும் விலையும் வரியும் இதில் போக வேண்டும். வரியும் விசித்திரமானது: பங்கை விற்று நீங்கள் ஒரு ரூபாய்கூடப் பார்க்காத நிலையிலும், பங்காக மாற்றிய அன்றே சந்தை மதிப்புக்கும் நீங்கள் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகக் கருதப்படும். தகுதிச் சான்று பெற்ற ஸ்டார்ட்அப்களின் ஊழியர்களுக்கு மட்டும் இந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகையை 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டம் தந்தது. வேலையை விட்டால் அந்தச் சலுகையும் அத்துடன் முடிந்துவிடும். இவ்வளவையும் சொல்வது ஈசாப் வேண்டாம் என்பதற்காக இல்லை. ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் உழைப்பை எதற்கு ஈடாகக் கொடுக்கிறோம் என்பதை எண்களில் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி எது தெரியுமா? இரவு வேலையைப் பற்றியது இல்லை. சம்பளம் 12ஆம் தேதிக்கு மேல் வருகிறது என்ற வரி. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். இரண்டு மாதங்கள் தொடர்ந்து தவறுகிறது என்றால் வங்கியில் பணம் குறைந்திருக்கிறது, அல்லது வாடிக்கையாளரிடமிருந்து வரும் பணத்தை எதிர்பார்த்துத்தான் சம்பளமே போடப்படுகிறது என்று பொருள். இரண்டு முறை தள்ளிப்போன அப்ரைசலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நிறுவனத்தின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் பங்குதாரர் விவரமும் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கும். சிறு கட்டணம் செலுத்தினால் யாரும் பார்க்கலாம். அது சென்ற நிதியாண்டுக் கணக்காகத்தான் இருக்கும், இன்றைய நிலையைச் சொல்லாது என்றாலும், நிறுவனம் மாதத்துக்கு எவ்வளவு பணத்தை எரிக்கிறது என்ற அளவு பிடிபடும். சம்பளச் சீட்டில் பிஎஃப் பிடித்தம் இருந்தால், உங்கள் யூஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) பாஸ்புக்கைத் திறந்து மாதாமாதம் அந்தப் பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள். பணத் தட்டுப்பாடு வந்த நிறுவனங்கள் முதலில் கைவைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

வேலை நேரத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், சண்டைக்காக இல்லாவிட்டாலும் அளவுகோலுக்காக. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன்படி நாளுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமும்தான் வரம்பு. கூடுதல் நேரத்தையும் சேர்த்து நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம். மேலாண்மைப் பதவியில் இருப்போருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஸ்டார்ட்அப்களில் சம்பள உயர்வுக்குப் பதிலாகப் பட்டம் கொடுப்பது மலிவு என்பதால் உங்களை நாளைக்கே ‘இன்ஜினியரிங் மேனேஜர்’ ஆக்கினாலும் ஆக்குவார்கள். ஆனால் பெயரட்டையைவிட நீங்கள் செய்யும் வேலையின் தன்மையைத்தான் சட்டம் பார்க்கும். ஐ.டி. துறையில் இந்த மணி நேர வரம்பு எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பது ஓஎம்ஆர் சாலையில் இரவு 10 மணிக்கு எரியும் விளக்குகளைப் பார்த்தாலே தெரியும். நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் சொன்ன 70 மணி நேரமும், எல் அண்ட் டி தலைவர் சொன்னது 2025 ஜனவரியில் வெளியே வந்து பெரும் விவாதத்தைக் கிளப்பிய 90 மணி நேரமும் உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்திருக்கின்றன. காலை 9 முதல் இரவு 9 வரை வாரத்துக்கு ஆறு நாள் என்ற ‘996’ முறைக்குப் பெயர்போன சீனாவிலேயே, அந்த முறை சட்டவிரோதம் என்று அந்நாட்டு உச்ச மக்கள் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது என்ற செய்தி மட்டும் அந்தக் குழுவுக்கு வந்திருக்காது.

இப்போது கடினமான பகுதி. அவர் உங்களுக்கு அண்ணா. முதலாளியிடம் கேட்கக்கூடிய ஒன்றை அண்ணனிடம் கேட்கக் கூச்சப்படுகிறீர்கள். அவரும், ஊழியரிடம் சொல்லத் தயங்குகிற ஒன்றைத் தம்பியிடம் உரிமையோடு சொல்லிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரும் அழைப்பை நீங்கள் எடுப்பது அந்த உறவுக்காகத்தான். அவரை வில்லனாகப் பார்க்க நான் சொல்லவில்லை; உங்களைவிட அதிக நேரம் அவர் உழைக்கிறார் என்பதையும், சில மாதங்கள் தனக்குச் சம்பளமே எடுக்காமல் இருந்திருக்கலாம் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அவர் இழக்கும் தூக்கத்துக்கு ஈடாக அவர் பெயரில் பங்கு இருக்கிறது. அண்ணா என்றே கூப்பிடுங்கள், மரியாதையில் ஒரு குறையும் வேண்டாம். பேச்சை மட்டும் அலுவலகப் பேச்சாக வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையிலோ வாட்ஸ்அப்பிலோ இதைத் தொடங்க வேண்டாம். ‘அண்ணா, அடுத்த வாரம் எனக்கு ஒரு மணி நேரம் வேணும். புராடக்ட் விஷயம் இல்லை, என் விஷயம்’ என்று சொல்லி நாள் வாங்குங்கள். அன்றைக்குச் சோர்வையும் வருத்தத்தையும் பற்றிப் பேசத் தொடங்கினால், அவர் தன் சோர்வைச் சொல்வார், இருவரும் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டு எழுந்துவிடுவீர்கள். எனவே நான்கு விஷயங்களை மட்டும் கேளுங்கள்: இப்போதுள்ள பணம் எத்தனை மாதங்களுக்கு வரும், சம்பளம் எந்தத் தேதியில் வரும், கிராண்ட் லெட்டர் எப்போது, எத்தனை ஆப்ஷன்களுக்கு, இரவு அழைப்புக்கும் நள்ளிரவுப் பணிக்கும் மாற்று நேரம் என்ன. முதல் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலின் உள்ளடக்கத்தைவிட, சொல்கிறாரா மழுப்புகிறாரா என்பதுதான் உங்களுக்கு முக்கியம். எல்லாரையும் ஓனர் என்று அழைப்பவர், கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஓனரிடம் மறைக்க முடியாது. பேசி முடித்த அன்று மாலையே, பேசியவற்றைச் சுருக்கமாக எழுதி அவருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

கேட்டதற்காகவே வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ என்ற பயம் எழலாம். ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த ஒருவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்று மேற்சொன்ன 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவு சொல்கிறது; மீறினால் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. 14 பேரில் சர்வரை அறிந்த ஒருவரை எந்த நிறுவனரும் அவசரப்பட்டு அனுப்பமாட்டார் என்பது சட்டத்தைவிட வலுவான பாதுகாப்பு.

அடுத்த வேலை கிடைப்பதற்கு முன் விடலாமா என்றால், மாதம் 14,000 ரூபாய்க் கடன் தவணை உள்ள உங்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. மருத்துவர் ஓய்வு அவசியம் என்று சொன்னால் மட்டும் அது மாறும். ஆனால் வேலை தேடுவதை இந்த வாரமே தொடங்குங்கள், அந்தப் பேச்சின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். பெரிய நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளில் கிடைக்காத அனுபவம் உங்களுக்கு இங்கே கிடைத்திருக்கிறது: வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசியிருக்கிறீர்கள், நேரலையில் உள்ள அமைப்பைத் தனியாகத் தாங்கியிருக்கிறீர்கள். நேர்காணலில் இதைச் சொல்லுங்கள், நிறுவனத்தைப் பற்றிய புகாரைச் சொல்ல வேண்டாம். பேச்சு முடிந்த பிறகு அடுத்த இரண்டு சம்பளத் தேதிகள் வரை பாருங்கள். சம்பளம் தேதிக்கு வந்து, கிராண்ட் லெட்டரும் வந்து, இரவுப் பணிக்கு மாற்று நேரமும் நடைமுறைக்கு வந்திருந்தால், இன்னும் ஓராண்டு அங்கே இருப்பது உங்களுக்கு நல்லது என்றே நினைக்கிறேன். மூன்றில் கிராண்ட் லெட்டர் மட்டும் வராமல் வாய்மொழியாகவே இருந்தால், அதற்குப் பதில் சம்பளத்தை உயர்த்தித் தரச் சொல்லுங்கள். சம்பளமே மூன்றாவது முறையாகத் தாமதித்தால், கையில் கிடைத்த முதல் நல்ல வேலையை ஏற்றுக்கொண்டு ராஜினாமா கொடுத்துவிடுங்கள்.

90 நாள் நோட்டீஸ் நீளம்தான். குறைத்துக்கொள்ளவோ, எஞ்சிய நாட்களுக்குப் பணம் கட்டி விலகவோ ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய நிறுவனமே அந்தப் பணத்தை ஏற்பதும் உண்டு. ராஜினாமாவை மின்னஞ்சலில் கொடுத்து, ஏற்றுக்கொண்டதாகப் பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்குரிய ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். ‘ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாளில்’ என்ற பழைய வழக்கத்தை இனி அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ரிலீவிங் லெட்டரைப் பிடித்துவைத்தால், ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டுகள், சம்பளம் வரவான வங்கி அறிக்கை, படிவம் 16, ராஜினாமா ஏற்பு மின்னஞ்சல் ஆகிய ஐந்தும் பெரும்பாலான நிறுவனங்களுக்குப் போதும்; இவற்றின் நகல்களை இப்போதே உங்கள் சொந்த மின்னஞ்சலில் சேமித்துவிடுங்கள், விலகும் நாளில் அலுவலக மின்னஞ்சல் காலையிலேயே மூடப்பட்டிருக்கும்.

ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஷரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு சொல்கிறது. வேலையை விட்ட பிறகான இத்தகைய தடைகளை நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. வேலையில் இருக்கும் காலத்துக்கான பாண்டு வேறு விஷயம். குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற ஷரத்தைப் பொதுத்துறை வங்கி ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அப்படி ஏதாவது கையெழுத்திட்டிருக்கிறீர்களா என்று ஆஃபர் லெட்டரின் பின்னிணைப்பையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ரகசியம் காக்கும் ஷரத்து விலகிய பிறகும் உங்களைக் கட்டுப்படுத்தும் என்பதால் நிறுவனத்தின் மென்பொருள் கோடில் ஒரு வரியையோ, வாடிக்கையாளர் பட்டியலையோ சொந்தக் கணினிக்கு மாற்றிவிடாதீர்கள். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, பெற்றுக்கொண்டோம் என்று அவர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.